வாவிக்கரையில் ஒரு பேஸ் கிற்றார்

உடைமை இருவகைப்படும். பெற்ற அன்றோடு முழுமையடைந்துவிடும் உடைமை ஒன்று. பெற்ற அன்றிலிருந்தே உழைப்பைக் கேட்கத் தொடங்கும் உடைமை மற்றொன்று. வயலும் மாடும் தோணியும் இரண்டாம் வகையின என்பதை மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்வோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இசைக்கருவியும் அவ்வகையினதே என்பதைக் கல்லடியில் வாழும் இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தாற் கற்றுக்கொண்டான்.

2019ஆம் ஆண்டில், கனடாவில் வாழும் தாய்மாமன் ஊருக்கு வந்தபோது, தாம் வாசித்து வந்த பென்டர் ஜாஸ் பேஸ் கிற்றாரை மருமகனிடம் ஒப்படைத்துச் சென்றார். அமெரிக்காவிற் செய்யப்பட்ட, விலை மிகுந்த கருவி அது. அதன் பெறுமதியைக் கேட்ட அயலவர் முதலில் வியந்தனர், பின்னர் சிரித்தனர். ஆறு கம்பிக் கிற்றாரே மலிவாகக் கிடைக்கும்போது நாலு கம்பிக்கு இத்தனை பணமா என்பது அவர்களது நியாயம். தச்சுத் தொழிலாளியான தந்தை சிரிக்கவில்லை. அந்தப் பணத்தில் வீட்டின் அரைச் சுவர் முழுச் சுவராகியிருக்கும் என்று மட்டும் கூறினார்.

அயலவரின் ஐயத்திலும் ஒரு பொருளுண்டு. பேஸ் கிற்றார் முன்னின்று பேசும் கருவியன்று. அதன் நான்கு நரம்புகள் முறையே செக்கனுக்கு 41.2, 55, 73.4, 98 தடவைகள் அதிர்வன. மனிதச் செவி ஏறத்தாழ 20 அதிர்வுகளிலிருந்தே ஒலியை உணரத் தொடங்குகின்றது என்பதை நோக்கின், இக்கருவி கேள்வியின் அடித்தளத்திலேயே உலாவுகின்றது எனலாம். ஆளுயரத்தையும் விஞ்சிய கொன்றபாஸ் என்னும் பெருவயலினைச் சுமந்து திரிந்த கலைஞரின் பணியைத் தோளில் தொங்கும் கருவியொன்றிற்கு மாற்றும் நோக்குடன், கலிபோர்ணியாவில் லியோ பென்டர் 1951இல் பிறிசிஷன் பேஸினை வெளியிட்டார். மெட்டுகள் பதித்த கழுத்தில் விரல் வைத்தவுடன் சுரம் பிசகாது பிறப்பதாலேயே அதற்குத் துல்லியம் எனப் பொருள்படும் அப்பெயர் வாய்த்தது. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. கூத்துக் களரியில் மத்தளம் செய்வதையே மேடையில் பேஸ் செய்கின்றது. ஆடுவோனையே அனைவரும் பார்ப்பர். மத்தளம் ஓய்ந்தாற்றான் ஆட்டம் எதன்மேல் நின்றது என்பது விளங்கும்.

கிற்றார் இவ்வூருக்கு அந்நியமானதன்று. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகளில், 1638இல், அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆட்சி போயினும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் கபிரிஞ்ஞா இசையும் மட்டக்களப்புப் பறங்கியரிடையே எஞ்சின. வயலினும் கிற்றாரும் அவர்களது திருமண வீடுகளில் ஒலித்தன. அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார்க் கரையை 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை சூறையாடியது. உப்பு நீருக்கும் இசைக்கும் இடையிலான பகை இம்மண்ணுக்குப் புதிதன்று.

இளைஞன் அப்பகையைச் சந்தித்தது முதல் மாரியிலேயே. பேஸ் கிற்றாரின் நான்கு உருக்கு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் மேப்பிள் மரக் கழுத்தை ஓயாது இழுக்கின்றன. வளர்ந்த மனிதன் ஒருவன் இரவு பகலாக அதிலே தொங்குவதை ஒக்கும். அவ்விழுப்பை எதிர்த்து நிற்பதற்கெனக் கழுத்தினுள்ளே ஓர் உருக்குக் கோல் புதைக்கப்பட்டுள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டும் மாதங்களில் மரம் ஈரத்தை ஏற்கின்றது. கழுத்து முன்னோக்கி வளைய, நரம்புகள் மெட்டுகளினின்றும் உயர்கின்றன. கச்சான் காற்று வீசும் காலத்தில் மரம் உலர, நரம்புகள் தாழ்ந்து மெட்டுகளில் உரசுகின்றன.

நரம்புகள் உயர்ந்ததைக் கண்ட இளைஞன் அலன் கீயினால் அக்கோலை ஒரே மாலையில் ஒரு முழுச் சுற்று முறுக்கினான். நரம்புகள் யாவும் கரகரத்தன. மேலும் என்ன செய்வதென்றறியாது அவன் திகைத்து நிற்கையில், தந்தை வந்து கருவியை வாங்கினார். இழைத்த பலகையின் நேரைப் பார்ப்பது போல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தை நோக்கினார்.

“இது மரந்தானே மனே, மாரிக்கு ஊறும், கச்சானுக்குக் காயும். அவசரப்பட்டா வெடிச்சுப் போகும்” என்றார்.

முறுக்கிய கோலைத் தளர்த்தி, காற்சுற்று மட்டும் திருப்பி, மறுநாள்வரை பொறுத்துப் பார்க்கும் முறையை அவரே வகுத்தார். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் நரம்பை அழுத்தி, இடையில் ஏழாம் மெட்டின்மேல் எஞ்சும் இடைவெளியை அளந்து வளைவை அறிய வேண்டும் என்பதை மகன் விளக்கினான். ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் போதுமானது என்றதும் தந்தையின் முகத்தில் மதிப்புத் தோன்றியது. விலையைக் கேட்டபோது தோன்றாத மதிப்பு அது.

அதன் பின்னர் பேணல் ஒரு நியமமாயிற்று. வாசித்து முடிந்ததும் பழஞ்சாரத் துணியால் ஒவ்வொரு நரம்பும் துடைக்கப்பட்டது. கைவியர்வையும் கடற்காற்றும் கூடினால் நிக்கல் பூசிய உருக்கும் துருவேறும். தேங்காயெண்ணெய் நாளடைவிற் சிக்குப் பிடிக்குமாதலால் விரற்பலகைக்கு அது விலக்கப்பட்டது. தந்தை முதிரைப் பலகையால் ஒரு பெட்டி செய்தார். அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகள் இடம்பெற்றன. ஒலிபெருக்கியில் ஓயாதெழுந்த இரைச்சலுக்கும் காரணம் அறியப்பட்டது. வீட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹேட்ஸ். தடித்த நரம்பின் மூன்றாம் மெட்டிற் பிறக்கும் சுரமோ 49 ஹேட்ஸ். மின்சாரம் சுரத்தோடு சுரமாய்க் கலந்து முணுமுணுத்தது. புவித்தொடுப்பைச் சீர்செய்து, இரு பிக்கப்புகளையும் ஒரே அளவில் திறந்து வைத்ததும் ஒரு சுருளின் இரைச்சலை மறு சுருள் பெருமளவு தணித்தது.

2022இல் வந்த சோதனை வேறு வகையினது. 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. மேடைகள் இருண்டன, தச்சுப்பட்டறையும் ஓய்ந்தது. புது நரம்புகள் வாங்க இயலாமையால், அழுக்கேறிய நரம்புகளையே கழற்றி, கொதிநீரில் இட்டு, நன்கு உலர்த்தி மீண்டும் பூட்டினான். சில நாள்களுக்கு அவற்றில் ஒளி திரும்பும். அவ்வேளையிற் கொழும்பிலிருந்து ஒருவர் கருவிக்கு விலை பேசினார். குடும்பம் பல மாதங்கள் கவலையின்றி உண்ணப் போதுமான தொகை அது. இளைஞன் விற்கவே துணிந்தான். கருவியைப் பெட்டியில் வைத்து முற்றத்திற்குக் கொணர்ந்தபோது, தடுத்தவர் ஒருகாலத்தில் அரைச் சுவரைச் சுட்டிக்காட்டிய தந்தையே.

“வித்தா ஆறு மாசம் தின்னலாம். இத்தனை நாளும் பழகின கையை ஆருக்கு விக்கிற?” என்றார்.

கை விற்கப்படவில்லை. தேவாலயப் பாடகர் குழுவின் கிற்றார்களும், கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் இசைக்குழுக்களின் பழுதான கருவிகளும் ஒவ்வொன்றாக அப்பட்டறைக்கு வந்தன. ஒரு கருவியைக் காக்கக் கற்ற கல்வி பல கருவிகளைக் காத்தது. அதன் கூலி அடுப்பையும் ஓரளவு காத்தது. சுவர் இன்றும் அரைச் சுவராகவே உள்ளது. அதனை மறைத்துரைப்பது நேர்மையாகாது.

இவ்வாவியின் தென்பால் உள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் வடிவையும் நரம்புகளையும் பண்டை நூல்களினின்றும் கணித முறையால் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்தார். அவரது யாழ்நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அரசவைகளில் ஒலித்த யாழை ஏட்டிலே தேட நேர்ந்தது ஏன் என்பது சிந்தித்தற்குரியது. கருவிகள் ஒரு நாளில் இறப்பதில்லை. துடைக்க மறந்த ஒரு மாலை, முறுக்க மறந்த ஒரு மாரி, கற்பிக்க மறந்த ஒரு தலைமுறை என்றே அவை இறக்கின்றன.

கல்லடிப் பட்டறையில் இன்றும் மாரிக்கு முன்னொரு முறையும் கச்சானுக்கு முன்னொரு முறையும் அப்பெட்டி திறக்கப்படுகின்றது. தந்தை ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்க்கின்றார். மகன் காற்சுற்று திருப்பிவிட்டு, மறுநாள்வரை காத்திருக்கின்றான்.