வீசி விதைத்த சொல்

முளைகட்டிய விதைநெல் மூட்டைக்குள் கையை விட்டால் சுடும். ஒரு பகல் தண்ணீரில் ஊறி, இரண்டு இரவு வைக்கோலுக்குக் கீழே மூடிக் கிடந்த நெல். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டதுபோல் இருக்கும். விடிய முந்தி, அப்பா முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, அரிக்கன் லாம்புக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார். நெல்லின் நுனியில் வெள்ளையாக ஒரு முளை குறுணை அளவுக்கு எட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே விதைப்பு. அதற்கு மேல் நீண்டால் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு கட்டிகட்டியாய் விழும் என்பார்.

எங்கள் வயல் வெல்லாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வட்டையில் இருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரை, இந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும்புவது அவர்கள் பக்கம், படுவது எங்கள் பக்கம். பெரிய கடைத்தெரு, பெரிய ஆஸ்பத்திரி, ஊரையெல்லாம் இணைக்கிற பெரிய றோட்டு எல்லாம் அங்கேதான். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் மண்டூர்த் துறையில் 'பாதை' ஏறிக் குருமண்வெளிக்கு. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பேர். எங்களிடம் இருந்தது நெல்லும், நெல்லுக்குக் காவல் இருந்த வாடிகளும்.

விதைப்பு நாளில் காற்று எழும்ப முந்தி வேலை முடிய வேண்டும். பலகை அடித்து மட்டமாக்கி, தண்ணீரை வக்கடையால் வடித்துவிட்ட சேறு, கண்ணாடிபோல் கிடக்கும். இடது இடுப்பில் கடகத்தை அணைத்துக்கொண்டு அப்பா இறங்குவார். ஒரு பிடி அள்ளுவார், கை பின்னால் போய், முன்னால் ஒரு வளைவு வரும். வளைவு முடிகிற இடத்தில் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். நெல் ஒரு கணம் வானத்தில் விசிறியாய் நிற்கும். பிறகு சேற்றில் சொட்சொட்டென்று மழை தொடங்குகிற சத்தம். விதையில் பாதியை வயலின் நீளத்துக்கு வீசுவார், மிச்சப் பாதியைக் குறுக்கே வீசுவார். நீளத்தில் விட்ட வெளியைக் குறுக்கு அடைத்துவிடும். வரம்போர மூலைகளுக்கு மட்டும் கடைசியில் திரும்பி வந்து, சிட்டிகை சிட்டிகையாய்ப் போடுவார்.

நானும் ஒருநாள் வீசிப் பார்த்தேன். அள்ளியது அள்ளியபடி காலடியிலேயே குவிந்தது.

"கைக்குள்ள புடிச்சு வச்சிருக்காத மனே. எங்க விழுதெண்டு பாக்காத. விட்டுரு, அது போகும்" என்றார் அப்பா.

பத்து நாள் கழித்து வயல் பச்சை பிடித்தபோது, நான் வீசிய இடம் மட்டும் ஒரு பக்கம் புல்மேடு, ஒரு பக்கம் வெறுஞ்சேறு. அப்பா வாயே திறக்கவில்லை. நெருக்கமாய் முளைத்த இடத்தில் பிடுங்கி, வெறித்துக் கிடந்த இடத்தில் நட்டார்.

வாடிக் கம்பில் ஒரு றேடியோ தொங்கும். அப்பா எங்கே போனாலும் கூடவே போகிற றேடியோ. காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு செய்தி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தமிழ்ச்சேவை இரண்டு என்று குரல் வந்தால், கொழும்பு எங்கே கிடக்கிறது என்று தெரியாத நான் அந்தக் குரல்களை வைத்தே கொழும்பைக் கட்டிக்கொண்டேன். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசினால் வரம்பில் நடக்கிறவர்கள் நடையைக் கூட்டுவார்கள். ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் எங்கள் பாட்டி, பெத்தாச்சி, பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பா. அப்துல் ஹமீதின் உச்சரிப்பை வைத்துத்தான் லகர ளகரம் படித்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே மரண அறிவித்தல். அந்த நேரம் வட்டையில் மண்வெட்டிச் சத்தம் கேளாது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கியதும் எல்லாக் கையும் நின்றுவிடும். ஊர்ப் பேர் யாழ்ப்பாணமாய் இருந்தால் மூச்சு விட்டு வேலைக்குத் திரும்புவார்கள். ஒருநாள் மண்டூர் என்று வந்தது. அடுத்த வயலில் நின்றவர் கடகத்தை வரம்பில் வைத்தார், காலைக் கழுவினார், ஒன்றும் பேசாமல் நடக்கத் தொடங்கினார். இறந்தது அவருடைய மாமா. தந்தி அடுத்த நாள்தான் வந்தது. அவர் பாதி விதைத்த வயலை அப்பா விதைத்து முடித்தார்.

1977இல் மாரி விதைப்புக்கு முந்தி எங்கள் வட்டைக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்தார். மரத்தடியில் கூட்டம். "இனியும் நீங்க புறோட்காஸ்ட் பண்ணாம, நாற்று நட்டுப் பாருங்க. விளைச்சல் கூடும்" என்றார். அந்தச் சொல்லை நான் றேடியோவோடு மட்டும்தான் சேர்த்துக் கேட்டிருந்தேன். றேடியோக்காரர் செய்வதை அப்பா எப்போது செய்தார்?

அப்பா சொல்லைப் பற்றிக் கவலைப்படவில்லை. "நடுறதுக்கு ஆள் எங்க ஐயா? மழ நமக்காக நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான். இலங்கை நெல்வயல்களில் பெரும்பகுதி இன்றைக்கும் விதைக்கப்படுகிறது, நடப்படுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் அகராதியைத் திறந்து காட்டினார். புறோட்காஸ்ட் என்பது கமக்காரன் சொல். கைவிரித்து அகல வீசுவது. 1920களில் கம்பியில்லாமல் குரல் ஊரெங்கும் போகத் தொடங்கியபோது அதற்கு ஒரு பேர் தேவைப்பட்டது. தந்திக்கு விலாசம் உண்டு, டெலிபோனுக்கு மறுமுனையில் ஒரு காது உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. வானத்தில் விடுகிறோம், யார் முற்றத்தில் விழுமோ தெரியாது. இதேமாதிரி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவன் விதைக்கிறவன் ஒருவன்தான். அவனுடைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் பிபிசி 1922இல் தொடங்கியது. கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்கிற பொறியியலாளர் வானொலியைத் தொடக்கிவைத்தார்.

அன்று மாலை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அவங்களும் கையத் திறந்து விடத்தான வேணும்" என்றார்.

தமிழில் ஒலிபரப்பு என்று வைத்தார்கள். நல்ல சொல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து போய் பிபிசியின் தமிழ்ச் சேவைக்குத் 'தமிழோசை' என்று பேர் வைத்த சோ. சிவபாதசுந்தரம் தம் நூலுக்கு 'ஒலிபரப்புக் கலை' என்றே தலைப்பிட்டார். பரப்பு என்பதில் நிலமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர். எங்கள் பெத்தாச்சிக்கோ பரப்புவது என்றால் இரண்டே காரியம்தான். பாயில் நெல்லைக் காயப் பரப்புவது ஒன்று, ஊர்க்கதையைப் பரப்புவது மற்றது. பின்னதைச் செய்கிற பெண்ணை, "அவட வாய் ஒரு றேடியோகா" என்பா. பிறகு தொலைக்காட்சி வந்து, ஒலிபரப்பு என்பதில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி ஒளிபரப்பு என்றானதும், ஹமீத் கற்பித்த லகர ளகரம் எங்களுக்குக் கைகொடுத்தது. ஆனாலும் பரப்பு என்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. பாயில் பரப்பிய நெல்லை மாலையில் கூட்டி அள்ளிவிடலாம். வீசிய நெல்லை அள்ள முடியாது. அந்தக் கை திறப்பது நம் சொல்லுக்குள் வரவில்லை.

அடுத்த வருசம், 1978. பயிர் முழங்காலுக்குக் கீழே நின்றது. அந்தக் கிழமை எங்கள் றேடியோவில் பற்றரி செத்துப்போயிருந்தது. வழக்கமாக அம்மா பற்றரிகளைக் கூரையில் வெயிலுக்கு வைத்து இன்னும் இரண்டு நாள் இழுப்பா. வெயில் இல்லை. புதுப் பற்றரி வாங்க அப்பா சனிக்கிழமை களுவாஞ்சிகுடிக்குப் போவதாக இருந்தார்.

நவம்பர் 23 வியாழக்கிழமை. பின்னேரம் காற்று திசை தெரியாமல் அடித்தது. இரவு கூரை போனது. அம்மாவும் பெத்தாச்சியும் நானும் நெல் மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்தோம். அப்பா கதவுக்கு முதுகு கொடுத்து விடியும்வரை நின்றார். காலையில் பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. வாடி இருந்த இடத்தில் வாடி இல்லை. மட்டக்களப்பும் சுற்று மாவட்டங்களுமாய் அந்தப் புயலில் ஆயிரம் பேரளவில் செத்தார்கள்.

சூறாவளி வருகிறது என்று றேடியோவில் கேட்டதாகப் பிறகு மண்டூரில் சொந்தக்காரர் சொன்னார். அப்பா அதைக் கேட்டுவிட்டு, வாடிச் சேற்றில் எங்கள் றேடியோவைத் தேடி எடுத்து, பின்மூடியைத் திறந்து, செத்த பற்றரி நான்கையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வயலில் வெளி விழுந்தால் பார்க்கிற அதே பார்வை. மூலைக்கு ஒரு சிட்டிகை போடாமல் விட்டது தானே என்பதுபோல. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐப்பசியிலேயே புதுப் பற்றரி வாங்கி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சுற்றி வைக்காத வருசம் இல்லை.

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30இல் தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. கடைசி ஒலிபரப்பை நான் அந்தப் பழைய வீட்டு முற்றத்தில் இருந்து கேட்டேன். இப்போது செய்தி கைபேசியில் வருகிறது. கோபுரம் சாய்ந்தாலோ மின்சாரம் போனாலோ அதே கைபேசி ஊமை. எங்கள் பக்கம் மாரி மழை பிடித்தால் இரண்டும் நடக்கிற காரியம்.

வாவியின் எந்தக் கரையில் இருந்தாலும் சரி, கார்த்திகை பிறக்க முந்தி சின்ன றேடியோ ஒன்றும் புதுப் பற்றரியும் வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.