ஏழரை மணி வெயில்

பினாங்கில் நீர்வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு வானமே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறோம். 1982-இல் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, எந்த மாதமானாலும் சூரியன் ஏறக்குறைய ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் எழுகிறது. எட்டு மணிக்கு டத்தோ கிராமாட் சாலையில் நீண்டு கிடக்கும் நிழல், பத்து மணிக்குள் வெகுவாகச் சுருங்கிவிடும். சாய்ந்த வெயில் இல்லாமல் பழைய கடைவீட்டின் சுவருக்கு உருவம் வராது. வேலைக்குப் போகுமுன் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் என் பட்டறை.

அந்த நேரத்தில் யோசிக்க எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பதே என் வழக்கத்தின் சாரம். என்ன வரைவது, எந்தத் தாள், எந்த மூலை என்பதெல்லாம் முதல் நாள் இரவே முடிவாகிவிடும். மூன்று வண்ணங்கள் போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர். முதல் இரண்டையும் கலந்தால் கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதைக்குள் தேங்கியிருக்கும் சாம்பல் நிழல் அப்படியே வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பு. இந்த ஒரு கலவையை மட்டும் ஆண்டுக்கணக்கில் படிக்கலாம். நான் இன்னும் படிக்கிறேன்.

இங்கே காலைக் காற்றில் ஈரம் அதிகம். வெளிநாட்டுப் பயிற்சி நூல்கள் சொல்லும் நேரத்தில் தாள் காயாது. காயாத வானத்தின் மேல் கூரையைத் தீட்டினால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். அதனால் இரண்டு சிறிய பலகைகளில் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை ஒட்டிக்கொண்டு போகிறேன். ஒன்றில் வானம் காயும்போது மற்றதில் பென்சில் கோடுகள். காத்திருக்கும் எரிச்சல் இல்லாததால் கை அவசரப்படுவதில்லை. தாளையும் கவனிக்க வேண்டும். மேலே பூசிய பசையைப் பூஞ்சை தின்றுவிட்டால், அந்த இடம் மையொற்றும் தாளாக வண்ணத்தை உறிஞ்சிப் புள்ளியாகக் காட்டும். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் தூரிகையைப் போலவே அவசியம். வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடாமல் மின்விசிறியின் கீழ் திறந்து வைப்பதோடுதான் என் நாள் முடியும்.

ஒரே தெருவையே திரும்பத் திரும்ப வரைந்தால் சலிக்காதா என்று கேட்கிறார்கள். இந்த ஊரின் ஓவிய மரபே அப்படித்தான். 1930-இல் பிறந்த ஓவியர் தான் சூன் கீ லண்டனில் ஸ்லேட் கலைப்பள்ளி வரை போய்ப் படித்துத் திரும்பியவர். பினாங்கின் ஜார்ஜ் டவுன் தெருக்களை மையிலும் நீர்வண்ணத்திலும் வாழ்நாள் முழுக்க வரைந்தார். அவருக்கு முந்தைய யோங் முன் சென், அப்துல்லா அரிஃப் இருவரும் இந்தத் தீவின் வெளிச்சத்தை நீர்வண்ணத்தில் பிடித்தவர்கள். இருவருமே 1962-இல் மறைந்தார்கள். தான் சூன் கீயின் கோடுகளை நேரில் பார்த்தால் தெரியும்: எதை விட வேண்டும் என்று அந்தக் கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பலமுறை பார்த்த தெருவில்தான் அந்தத் துணிவு வரும்.

எனக்கு அந்தத் துணிவு புரிவது தைப்பூசத்துக்கு முந்தைய நாளில். முருகனின் வெள்ளி ரதம் நகரத்திலிருந்து டத்தோ கிராமாட் சாலை வழியாகத்தான் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் போகும். தண்ணீர்ப் பந்தல்கள், உறுமி, தேங்காய் உடைக்கக் காத்திருக்கும் கூட்டம். பலகையை விரிக்க இடமிருக்காது; கையளவு தாள்தான். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள். கறுத்த சாலையில் சிதறும் தேங்காய்ச் சில்லுகளுக்கும் ரதத்தின் மினுக்கத்துக்கும் முதல் தீற்றலுக்கு முன்பே இடம் ஒதுக்கியாக வேண்டும். கூரைக் கோடு எங்கே, தூண் எங்கே, நிழல் எதுவரை என்பதெல்லாம் கைக்கு மனப்பாடம். கண் முழுவதையும் ரதத்துக்கே கொடுத்துவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்பது, வீட்டு வாசலிலிருந்து தெரியும் ஒரு தூணும் அஞ்சலட்டை அளவுத் தாளும் போதும் என்று நம்புங்கள் என்பதுதான். அந்தத் தூணில் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று நாளைக் காலையே பார்த்து வையுங்கள்.