பால் சுறாவும் பேரனும்

மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஆஸ்திரேலியாவில், சிட்னியில். "அம்மா, நீ வந்தாதான் ஆச்சு" என்று போனில் அழுதாள். 2025 ஆகஸ்டில் ஊறுகாய் பாட்டில்களோடு போய் இறங்கினேன்.

ஏர்போர்ட்டிலிருந்து காரில் வரும்போது மாப்பிள்ளை, "அத்தை, நம்ம வீடு டீ வை" என்றார்.

"வைக்கிறேன் மாப்பிள்ளை, முதல்ல குழந்தையைப் பார்த்துடறேன்" என்றேன்.

பின் சீட்டில் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். டீ வை என்பது ஊர்ப் பெயராம். கடற்கரை ஊர்.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுக்காவிட்டால் தாய் வீட்டுக்கே மரியாதை இல்லை. மறுநாள் காலையிலேயே, "அரைக் கிலோ பால் சுறா கிடைக்குமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "அம்மா! சுறாப் பேச்சை எடுக்காதே. ஏற்கெனவே இந்த வீட்டுல அதான் சண்டை!"

சண்டை இதுதான். சிட்னி பக்கம் கடற்கரைகளில் 1937-லிருந்து அரசாங்கம் சுறாவுக்கு வலை போடுகிறது. நியூகாசிலில் இருந்து வலங்காங் வரை மொத்தம் 51 கடற்கரைகள். ஒவ்வொரு செப்டம்பரிலும் வலை இறங்கும். அதில் மூன்று இடத்தில் மட்டும் வலையில்லாமல் விட்டுப் பார்க்கலாமா என்று அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை, வலை வேணும் கட்சி. மகள், வேண்டாம் கட்சி.

"வலை போட்டப்புறம் சாவு எவ்வளவு குறைஞ்சுபோச்சுன்னு பாருங்க அத்தை" என்பார் அவர்.

"ஆமையும் டால்ஃபினும் திருக்கையும்தாம்மா நிறைய மாட்டிச் சாகுது. 2014-ல பெர்த் பக்கம் தூண்டில் போட்டாங்க. 172 சுறா மாட்டிச்சு. எதுக்குப் பயந்து போட்டாங்களோ, அந்த வெள்ளைச் சுறா ஒண்ணுகூட இல்லை!" என்பாள் இவள்.

நான் நடுவில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. வலை என்றதும் நம் வீட்டு காம்பவுண்ட் சுவர் மாதிரி கடலையே வளைத்துக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பேரன் நோட்டில் படம் போட்டுக் காட்டினான். ஒரு வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். அவ்வளவுதான்! மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் திறந்த வாசல். வலையில் மாட்டும் சுறாக்களில் நிறைய, கரைப் பக்கமிருந்து திரும்பிப் போகும்போது மாட்டியவையாம்.

"இது வேலி இல்லைடா, மீன் பிடிக்கிற வலை. எங்க ஊர்ல செவுள் வலைம்பாங்க" என்றேன். சுறாவைத் தடுப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் குறைப்பதுதான் அதன் வேலை. தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம்.

செப்டம்பர் 6. டீ வைக்குப் பக்கத்துக் கடற்கரையில், லாங் ரீஃப் பக்கம், அலைச் சறுக்கு விளையாடிக்கொண்டிருந்த ஒருவரைச் சுறா கடித்தது. ஆள் பிழைக்கவில்லை. பிள்ளை உள்ள மனுஷர். தெருவே பேச்சிழந்து கிடந்தது. வலையை எடுக்கும் யோசனையையும் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் வாய் திறக்கவில்லை.

திறந்தது நான்தான்.

பேரனுக்குப் பதினொரு வயது. அங்கே 'நிப்பர்ஸ்' என்று ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் கடலில் நீந்தவும், உயிர் காக்கவும் சொல்லிக்கொடுப்பது. அக்டோபரில் ஆரம்பம். "அவனை அனுப்பக் கூடாது. அனுப்பினா நான் அடுத்த பிளைட்ல ஊருக்குப் போயிடுவேன்" என்றேன்.

"சுறா கடிச்சு வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர்தாம்மா, இவ்வளவு பெரிய நாட்டுல. உள்ளே இழுத்துட்டுப் போற நீரோட்டத்துலதான் இருபது பேருக்கு மேல போறாங்க" என்று கணக்கு சொன்னாள் மகள்.

"அந்த நீரோட்டம்தாண்டி எனக்கும் பயம்!"

அதுவரை அவளிடம் சொல்லாததை அன்று சொன்னேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். 1971-ல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கடலுக்குப் போனவன். பதினாலு வயது. சுறாவும் இல்லை, திமிங்கிலமும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றவனைக் கடல் இழுத்துக்கொண்டது. அதற்கப்புறம் எங்கள் அம்மா மீன் சமைத்தாள், மீன் தின்றாள், ஆனால் கடலைப் பார்க்கும்படி ஒருநாளும் நின்றதில்லை. நானும் அப்படித்தான்.

மகள் கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள். "ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாரும்மா. அப்புறம் நீ சொல்றபடி" என்றாள்.

போனேன். சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டிருந்தார்கள். ரெண்டு கொடிக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். பயிற்சி கொடுத்த பெண் அலைகளுக்கு நடுவே ஓரிடத்தைக் காட்டினாள். அங்கே அலையே இல்லை, தண்ணீர் அமைதியாகக் கறுத்துக் கிடந்தது. "அதுதான் ஆபத்து ஆச்சி" என்றான் பேரன். "இழுத்தா எதிர்த்து நீந்தக் கூடாது. பயப்படாம மிதக்கணும், கையைத் தூக்கணும். முடிஞ்சா பக்கவாட்டுல நீந்தி வெளியே வரணும்."

மூன்றே வாக்கியம். என் தம்பிக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போச்சே என்று நினைத்தபோது, கடற்கரை மணலில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறம்.

"சரி, போடா" என்றேன்.

வலை விவகாரத்தில் நான் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? பறிகொடுத்த வீட்டில் போய்க் கணக்கு பேச முடியாது. ஆனால், 'ஏதோ ஒண்ணு தொங்குது, நமக்குப் பயமில்லை' என்ற நினைப்புக்காக ஆமைகளைச் சாகடிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. இப்போது புதுசாக ஒரு தூண்டிலும் போடுகிறார்கள். சுறா கடித்தால் அதுவே போன் பண்ணுமாம்! உடனே படகில் போய், சுறாவுக்கு அடையாளம் பொருத்தி, தள்ளிக் கொண்டுபோய் விடுகிறார்கள். மாப்பிள்ளையும் மகளும் சண்டையில்லாமல் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

அன்று நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் நனைத்தேன். பின்னால் திடீரென்று ஒரு சத்தம். சுறா சைரன்தான் என்று எடுத்தேன் பாருங்கள் ஓட்டம்! கார் பார்க்கிங் வரை நிற்கவில்லை.

ஐஸ்கிரீம் வண்டியாம்.

பால் சுறா மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. கடையில் 'ஃப்ளேக்' என்று மாவில் தோய்த்து வறுத்துத் தந்தார்கள், ருசியாக இருந்தது. அது பெரும்பாலும் சின்னச் சுறாதான் என்று மாப்பிள்ளை காதோடு சொன்னார்.

மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.