அடங்காத கல், அலைந்த சொல்

ஒரு சொல்லின் ஊரைக் கேட்பது ஒரு மனிதனின் ஊரைக் கேட்பதைப் போன்றது. சிலர் அறிந்துகொள்ளும் ஆவலில் கேட்பார்கள். சிலர், ‘நீ இவ்விடத்தவன் அல்லன்’ என்று சொல்லிவிடுவதற்காகவே கேட்பார்கள். வைரத்தைக் குறிக்கும் சொற்களைத் தேடி நான் அகராதிகளைப் புரட்டத் தொடங்கியது இந்த இரண்டாவது வகைக் கேள்வியால்தான்.

என் தங்கை தன் மகளுக்கு அல்மாஸ் என்று பெயர் வைத்தாள். பிள்ளையைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், “அரபில ‘மாஸ்’ எண்டுதான் சொல்லுவாங்க. ‘அல்’ எண்டது முன்னால வாற சேர்ப்புத்தானே. சுத்தமான பேரா ஒண்டு வைங்களேன்” என்றார். இன்னொரு நாள் வந்த இலக்கிய நண்பரோ, “வைரம் என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கையில் அந்நியச் சொல் எதற்கு?” என்றார். தங்கை இருவருக்கும் தேநீர் கொடுத்தாளே தவிர பதில் கொடுக்கவில்லை. பதிலைத் தேடும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

ஐரோப்பிய மொழிகளில் இக்கல்லுக்குரிய பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் டச்சிலும் ‘டியமன்ட்’ என்பதன் சாயல்கள். இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் ‘டியமாந்தே’. ஹங்கேரியில் ‘ஜேமாந்த்’, பின்லாந்தில் ‘திமந்தி’. ஆங்கிலத்தில் நாமறிந்த ‘டயமண்ட்’. எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடு கிரேக்கம். மூலச்சொல் ‘அடமாஸ்’, அடக்கமுடியாதது என்று அதற்குப் பொருள் கூறுவர்.

ஆனால் தொடக்கத்தில் அச்சொல் வைரத்தைக் குறிக்கவில்லை. கவிஞர் ஹெசியோட் காலத்தில் அது தேவர்களின் ஆயுதம் செய்யப்பட்ட கடினமான உலோகத்தின் பெயர். கல்லுக்கு அப்பெயர் பின்னரே வந்தது. நமது ‘வைரம்’ என்பதும் வடமொழி ‘வஜ்ர’ என்பதன் வழிவந்ததே. அதுவும் இந்திரனின் ஆயுதத்தைக் குறிக்கும். இரண்டு நாகரிகங்களும் கடினத்தை நினைத்தபோது முதலில் ஆயுதத்தையே நினைத்திருக்கின்றன! நண்பருக்கான பதிலில் பாதி இங்கேயே கிடைத்துவிட்டது.

இலத்தீனுக்குள் போன அடமாஸ், இடைக்காலத்தில் தலைமாறி ‘டியமாஸ்’ ஆயிற்று. ‘டியா’ என்று தொடங்கும் ஏராளமான கிரேக்கச் சொற்களின் பழக்கத்தால் நாக்கு இப்படித் திரும்பியிருக்கலாம் என்கிறார்கள். பிழையாக உச்சரிக்கப்பட்ட அந்த வடிவமே ஐரோப்பா முழுவதையும் பிடித்துக்கொண்டது. இதில் வேடிக்கை, தாய்வீடான கிரேக்கமும் இன்று ‘டியமாந்தி’ என்றே சொல்கிறது. இத்தாலிய வணிகர் வாயில் உருமாறிப்போன தன் பிள்ளையைக் கிரேக்கம் அப்படியே ஏற்றுக்கொண்டது. ‘உன் தலையெழுத்தைத் திருத்திக்கொண்டு வா’ என்று திருப்பியனுப்பவில்லை.

திரியாத பழைய வடிவமும் சாகவில்லை. ஆங்கிலத்தில் ‘அடமண்ட்’ என்றால் விட்டுக்கொடுக்காத பிடிவாதம். பிரெஞ்சில் அது ‘எமான்’ ஆகிக் காந்தத்தைக் குறிக்கிறது. அதே எழுத்துக்கள் அங்கு நேசிப்பவன் என்ற பொருளையும் தருவதால், இரும்பை இழுக்கும் கல்லை நேசிக்கும் கல்லாகவும் மக்கள் விளங்கிக்கொண்டார்கள். அடங்காதது என்று பிறந்த சொல், ஒரு மொழியில் பிடிவாதமாகவும் இன்னொன்றில் ஈர்ப்பாகவும் வாழ்கிறது.

இனி, கிழக்கே போன கிளை. அடமாஸ் கீழைத்தேய மொழிகளின் வழியாக அரபுக்கு வந்து ‘அல்மாஸ்’ ஆனது. அங்கும் என் உறவினர் எழுப்பிய பிரச்சினை எழுந்திருக்கிறது. 1210இல் மறைந்த அறிஞர் இப்னுல் அதீர், இது அரபுச் சொல்லல்ல என்றும், இதிலுள்ள ‘அல்’ ‘இல்யாஸ்’ என்பதில் உள்ளதைப் போலச் சொல்லின் உடலோடு சேர்ந்தது என்றே தாம் கருதுவதாகவும் எழுதினார். பின்வந்த பைரோஸாபாதியோ தமது ‘அல்காமூஸ்’ அகராதியில், ‘மாஸ்’ என்பதே சரி, ‘அல்மாஸ்’ பிழை என்றார். சொல்லின் வரலாறு இப்னுல் அதீரின் பக்கமே நிற்கிறது. தூய்மைப்படுத்துவதாக எண்ணி வெட்டப்பட்டது சொல்லின் சொந்தத் தலை!

அல்மாஸ் அரபோடு நிற்கவுமில்லை. பாரசீகத்திலும் அதுவே, துருக்கியில் ‘எல்மாஸ்’, துருக்கிய மொழிகளின் வழியே ரஷ்யாவில் ‘அல்மாஸ்’. 15ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த த்வேர் நகர வணிகர் அபனாசி நிகிதின், ராய்ச்சூரில் வைரம் கிடைப்பதை இச்சொல்லாலேயே பதிந்துவைத்தார். இன்று ரஷ்யர் பட்டை தீட்டாத கல்லை அல்மாஸ் என்றும், தீட்டியதைப் பிரெஞ்சிலிருந்து பெற்ற ‘பிரிலியாந்த்’ என்றும் அழைக்கின்றனர். சுரங்கத்துக்குக் கிழக்கின் சொல், நகைக்கடைக்கு மேற்கின் சொல்.

இத்தனை ஊர்ப் பெயர்களுக்கும் உரிய கல் எங்கிருந்து போனது? 1720களில் பிரேசிலில் கண்டெடுக்கப்படும் வரை உலகின் வைரங்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. கல் இங்கிருந்து போயிற்று. பெயர் அங்கிருந்து வந்தது. சிங்களத்தின் ‘தியமந்தி’ அப்படி ஐரோப்பியரோடு கரையிறங்கிய சொல்தானே. பேருவளைச் சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்த எங்கள் வாப்பா, சிங்கள முதலாளியிடம் தியமந்தி என்றும், அரபு நாட்டாரிடம் அல்மாஸ் என்றும், வீட்டில் வைரம் என்றும் சொல்வார். மூன்றும் அவருக்கு ஒரே கல். மூன்றும் அவருடைய சொற்கள்.

சம்மட்டிக்கும் உடையாத கல் என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி இதை வருணித்தார். உண்மையில் ஓங்கி அடித்தால் வைரம் பிளக்கும். 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் அதை எரித்து, வைரம் கரியன்றி வேறல்ல என்று நிறுவினார். ‘அடங்காதது’ தீயில் அடங்கிப்போனது. அடங்காமல் நின்றது சொல்தான். போன இடமெல்லாம் தன்னை மாற்றிக்கொண்டதால் நின்றது.

மருமகள் அல்மாஸ் இப்போது பாடசாலை போகிறாள். பெயரை யாரும் மாற்றவில்லை. நமது பேச்சில் அரபும் சிங்களமும் போர்த்துக்கேயமும் கலந்திருப்பதைக் குறையாகச் சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. சீனன்கோட்டையின் பழைய வியாபாரிகள் கல்லின் நிறத்துக்கும் நீரோட்டத்துக்கும் குறைக்கும் வைத்திருந்த பெயர்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. வைடூரியத்தை ‘வைரோடி’ என்று அழைக்கும் வாய்கள் மௌனமாகுமுன், அவர்களோடு உட்கார்ந்து அவற்றை எழுதிக்கொள்ள நம்மில் யாராவது முன்வரவேண்டும்.