கோடியில் ஒன்று

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரவே இல்லை. காரணம் அப்பா. கழுத்தில் சின்னதா ஒரு கட்டி. மதுரையில் வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பிட்டு, "ஆறு நாள்ல ரிசல்ட்" என்று சொல்லிவிட்டார்கள். லீவு போட்டுட்டு நாகமலை புதுக்கோட்டைக்கு வந்துட்டேன்.

மூணாம் நாள் ராத்திரி, மொட்டை மாடியில் அப்பா கேட்டார். "ஏன் தம்பி, வெட்டினதை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தா அப்பவே தெரியாதா?"

தெரியாதாம். தேடிப் படிச்சேன். மெல்லிசா சீவின சதை கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. அதனால ஃபார்மலினில் ஊறப்போட்டு, மெழுகில் பதிச்சு, மைக்ரான் கணக்கில் சீவி, ஊதாவும் ரோஸும் சாயம் ஏத்தறாங்க. அப்புறம்தான் செல்லின் கரு தனியா தெரியும்.

சாயமே இல்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கு. ராமன் விளைவு! ஸ்கூலில் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினதோட சரி. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில், சுமார் கோடியில் ஒரு போட்டான் மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. கொழுப்புக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று. கைரேகை மாதிரி.

1928-ல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து சூரிய வெளிச்சத்தை வச்சே சுமார் அறுபது திரவங்களில் இதைப் பார்த்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். அவர் நம்ம பக்கத்து ஆள்ங்க! ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படிச்சவர். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்தான் வந்தது. அது தனிப் பதிவு போட வேண்டிய விஷயம்.

கோடியில் ஒன்றை வச்சுப் படம் எடுக்க நேரம் பிடிக்கும். 2008-ல் ஹார்வர்டில் சன்னி ஷீ குழு இதுக்கு ஒரு வழி காட்டியது. ரெண்டு லேசர், ரெண்டுக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம் மூலக்கூறின் அதிர்வோடு பொருந்தணும். அப்போ சிக்னல் பல மடங்கு கூடும். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 278 நோயாளிகளின் மூளைக் கட்டித் துணுக்குகளை ஆபரேஷன் நடக்கும்போதே இப்படிப் படமெடுத்து, கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். 150 நொடிக்குள் பதில். 94.6 சதவீதம் சரி. வழக்கமான முறையில் பார்த்த மருத்துவர்களுக்கு 93.9.

நாங்க போன ஆஸ்பத்திரியில் அது கிடையாது. பெருமையா அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"ரெண்டரை நிமிஷத்துல கெட்டதைச் சொன்னா தாங்குறது யாருப்பா? எனக்கு இந்த ஆறு நாள் தேவைதான்."

மண்டையைத் திறந்து வச்சிருக்கும் சர்ஜனுக்கு அந்த ரெண்டரை நிமிஷம்தான் முக்கியம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை.

ஏழாம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை. அப்பா அதைப் படிக்கக்கூட இல்லை. கவரை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுட்டு, "காபி போடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் மக்களே :-)