சனிக்கிழமை இரவுப் படம்

சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்ததும் குடும்பத்தார் அனைவரும் கூடியமர்ந்து ஒரு திரைப்படம் பார்ப்பது எங்கள் இல்லத்தில் வழக்கமாகிவிட்டது. எப்படத்தைப் பார்ப்பது என்பதில்தான் வாரந்தோறும் தகராறு. பதினொரு வயதுப் பேரனுக்குச் சண்டை வேண்டும். மருமகளுக்குச் சிரிப்பு வேண்டும். என் மகன் எதற்கும் இசைவான். "இது கிறிஸ்தவக் குடும்பம் பார்க்கத் தக்கதா?" என்று தீர்ப்புக் கூறும் பொறுப்பு மட்டும் வயதை முன்னிட்டு என்னிடம் விடப்பட்டிருக்கிறது.

இத்தீர்ப்பை நெடுங்காலம் நான் மிக எளிதாகவே வழங்கி வந்தேன். ஆணும் பெண்ணும் சற்று நெருங்கி நின்றால் ரிமோட்டை அழுத்திக் காட்சியை ஓட்டிவிடுவேன். கடமை முடிந்தது! அதே படத்தில் கதாநாயகன் இருபது பேரை வெட்டிச் சாய்த்தபோது என் விரல் அசையவில்லை. விருப்பமில்லாப் பெண்ணை அவன் தெருத்தெருவாய்ப் பின்தொடர்ந்து, முடிவில் மணம் புரிந்தபோதும் அசையவில்லை. திக்கிப் பேசும் ஒருவரை நகைச்சுவை நடிகர் எள்ளியபோது குடும்பமே சிரித்தது; நானும் சிரித்தேன். மறுநாட்காலை, எங்களுக்குப் பால் கொண்டுவரும் பெரியவரைப் பேரன் அவர் முகத்துக்கு நேரேயே திக்கிக் காட்டினான். அம்மனிதர் புன்னகைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினார். அன்று முதல்தான் என் தீர்ப்பின்மேல் எனக்கே ஐயம் பிறந்தது.

திரைப்படத்தைப் பற்றித் திருச்சபை பேசத் தொடங்கியது நேற்றன்று. 1936-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இதற்கென ஒரு சுற்றுமடல் வரைந்தார். தீய படங்களைக் கண்டித்த அவரே, நல்ல படம் மக்களை நன்னெறிக்கு உயர்த்தும் பேராற்றல் உடையது என்றும் எழுதினார். தீங்கானவை இல்லத்தினுள் நுழையாமல் காப்பது பெற்றோரின் கடமை என்று 1963-இல் வத்திக்கான் சங்கம் நினைவூட்டியது. நான் இக்கண்டனத்தையும் காவலையும் மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு, நல்லதைத் தேடும் வேலையை விட்டுவிட்டேன். அரசின் தணிக்கைச் சான்றிதழும் என்னைத் தேற்றியது. 2024 முதல் 'யு/ஏ' என்பதை ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பயனுள்ள ஏற்பாடுதான். ஆயினும் ஒரு படம் எவ்வயதினருக்கு ஆகாது என்பதை அது சொல்லுமேயன்றி, அப்படத்தில் யார்மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறது, யாரைக் கண்டு சிரிக்கக் கற்பிக்கிறார்கள் என்பதையெல்லாம் சொல்லாது.

திரைப்படம் பிறந்த நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் நாற்பத்தைந்து படங்களைச் சிறந்தவையெனப் பட்டியலிட்டது. அதில் 'பென்ஹர்' உண்டு என்பது வியப்பன்று. 'காந்தி'யும் உண்டு. வித்தோரியோ தெ சீக்கா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படமும் உண்டு. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அதையே தேர்ந்தேன். "கறுப்பு வெள்ளையா தாத்தா?" என்று பேரன் முகம் சுளித்தான். திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளை என் மகன் தமிழில் சொல்லிக்கொண்டே வர ஒப்புக்கொண்டான்.

கதை சிறியது. போருக்குப் பிந்திய ரோமை நகர். வேலையற்ற அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் வேண்டும். மனைவி படுக்கை விரிப்புகளை அடகுவைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே அது களவு போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் அதைத் தேடி அலைகிறார்கள். கோவிலுக்குள்ளும் தேடல் போகிறது. சீமான்களும் சீமாட்டிகளும் ஏழைகளை வரிசையில் நிறுத்திச் சவரம் செய்வித்து, பூசை காணச் செய்து, அதன்பின் கஞ்சி ஊற்றுகிறார்கள். நம்மவருக்குப் பெருமை தரும் காட்சியன்று. இருந்தும் வத்திக்கான் அப்படத்தைத் தள்ளவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

கோவிலை விட்டு வந்ததும், கிழவனைத் தப்பவிட்டதற்காகச் சிறுவன் தந்தையைக் குறைகூற, தந்தை அவனைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறார். அவ்விடத்தில் என் மகனின் குரல் நின்றுவிட்டது. திரையில் வரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன; அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

முடிவில் வேறு வழியறியாது அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருடுகிறார். மகன் கண்முன்னே பிடிபட்டு அடியும் வசையும் பெறுகிறார். கீழே விழுந்த தந்தையின் தொப்பியைச் சிறுவன் எடுத்துக்கொள்கிறான். அவனைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளின் சொந்தக்காரர் மன்னித்து விடுகிறார். கூட்டத்தினூடே அழுதுகொண்டு நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் படம்.

"அந்த அப்பா கெட்டவரா தாத்தா?" என்றான் பேரன். "திருடியது பாவம்தான். ஆனால்..." என்று தொடங்கினேன், முடிக்க இயலவில்லை. அவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்: "நீங்கள் என் அப்பாவை அடித்திருக்கிறீர்களா?"

1982-ஆம் ஆண்டுத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. சிலுவைப்பாதைக்கு வராமல் மகன் டூரிங் கொட்டகையில் இருக்கிறான் என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு விரைந்தேன். இடைவேளையில் வெளியே வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, அவன் நண்பர்கள் பார்த்திருக்கவே அறைந்தேன். அதன்பின் அவன் என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் படம் பார்க்கப் பழகினான். நானும் அதை அறிந்தும் அறியாததுபோல் இருக்கப் பழகினேன். நாற்பதாண்டுக்கு மேலாக நாங்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

"அடித்திருக்கிறேன், ஊரார் முன்னிலையில். அது தவறு" என்றேன், பேரனைப் பார்த்து. சொல்லவேண்டியவன் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை.

மகன் சற்று நேரம் கழித்து, "அந்தப் படத்தின் பிற்பாதியை நான் இன்றுவரை பார்க்கவில்லை அப்பா" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது. சிரிப்பு மட்டுமே இருந்தது என்று சொல்லமாட்டேன்.

வரும் சனிக்கிழமை அதையே பார்ப்பதென முடிவாகியிருக்கிறது. பிற்பாதி மட்டும் போதுமா, முதலிலிருந்து தொடங்குவதா என்று மருமகள் கேட்டாள். முதலிலிருந்தே பார்க்கலாம் என்றேன். அந்தப் படத்தை நான் எந்தப் பாதியும் பார்த்ததில்லை.