வலது பாதம் போகிற திசை

டிசம்பர் 9

வலது முழங்கால், உள்பக்கம். அப்பன்திருப்பதி தாண்டியதும் ஆரம்பித்தது. விடாமல் அழகர்கோவில் வரை போய்விட்டேன். திரும்பும்போது பாரமெல்லாம் இடது காலுக்குத்தான். ராத்திரி மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது.

மார்ச்சில் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். சைக்கிள் ஓட்டம் இருக்கிறது. பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் கிளிப் பெடலுக்கே மாறினேன். எந்த நாள் எந்த இடம் வலித்தது என்பது மனதில் கலந்துவிடும். எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 10

வண்டியை எடுக்கவில்லை.

டிசம்பர் 14

கூட ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சீட்டை ஏற்று என்கிறார் ஒருவர், இறக்கு என்கிறார் இன்னொருவர். பொதுவாகச் சொல்லப்படுவது இது: முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம், பக்கவாட்டில் வலித்தால் ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட்டைப் பார். எனக்கு வலி பக்கவாட்டில்தான். ஆனாலும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால்தான் எனக்கு நிம்மதி.

சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே அழுத்தி அளந்தேன். 78 செ.மீ. அதை 0.883-ஆல் பெருக்கினால் 68.9. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்தளம் வரை அவ்வளவு இருக்க வேண்டும். சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பயிற்சியாளர் சிரீல் கிமார். என் சீட் 69-இல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

எதிர் மனையில் வேலை பார்க்கும் கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கேட்டு வாங்கினேன். சீட் மட்டம் சரி. கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தி, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து குண்டைத் தொங்கவிட்டால் நூல் பெடல் அச்சைத் தொட வேண்டுமாம். தொட்டது. இந்த விதிக்கே அறிவியல் அடிப்படை கிடையாது என்று வண்டி வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் எழுதியிருக்கிறார். படுத்துக்கொண்டு மிதிக்கும் வண்டிகளிலும் மனிதர்கள் நன்றாகத்தானே மிதிக்கிறார்கள். அங்கே முட்டி அச்சுக்கு நேர்மேலே எப்படி வரும்?

எல்லா அளவும் சரியாக இருக்கிறது. வலி மட்டும் போகவில்லை. இப்படிப்பட்ட சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

டிசம்பர் 15

ஐஸ். இருபது நிமிடம்.

டிசம்பர் 21

பிசியோதெரபிஸ்டிடம் போனேன். முழங்காலைத் தொடுவதற்கு முன்னால் மேசை விளிம்பில் உட்காரவைத்துக் காலைத் தொங்கப்போடச் சொன்னார். "எதையும் நேராக்காதீங்க மேடம், சும்மா விடுங்க." விட்டேன். இடது பாதம் ஏறக்குறைய முன்னோக்கி நின்றது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. இத்தனை வருஷம் என்னோடு இருக்கும் கால், இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஷூவைத் திருப்பிக் காட்டினேன். கடையில் இரண்டு கிளீட்டையும் நடுக்கோட்டுக்கு நேராகப் பூட்டித் தந்திருந்தார்கள். கிளிப் மாட்டியதும் வலது பாதத்தைப் பெடல் முன்னோக்கிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாதம் வெளியே போகப் பார்க்கிறது, முடியவில்லை, அந்த முறுக்கு ஏறி முட்டியில் நிற்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் அது ஐந்தாயிரம் தடவை.

குழுவில் ஒருவர் சிவப்பு கிளீட் வாங்கச் சொல்லியிருந்தார். ஷிமானோ ரோடு பெடலில் சிவப்பு துளியும் அசையாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி ஆடவிடும். என்னுடையது மஞ்சள். அசையாதது என்றால் சக்தி வீணாகாதாம். எனக்கு வேண்டாம்.

கிளம்பும்போது, "பழைய செருப்பு இருந்தா அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க" என்றார். வந்ததும் செருப்பு ஸ்டாண்டில் தேடினேன். என்னுடையதில் வலது குதிகாலின் வெளி ஓரம் சரிந்து தேய்ந்திருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் செருப்பு. அதே கால், அதே ஓரம்.

டிசம்பர் 22

அப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். செல்லூர், ஆரப்பாளையம், தத்தனேரி என்று எல்லாத் தெருவுக்கும் சைக்கிள்தான். ஓட்டிய காலத்தில் முட்டி வலித்ததா என்று கேட்டேன்.

"வலிக்கும். வலிச்சா காலைக் கொஞ்சம் மாத்தி வச்சு மிதிப்பேன்."

"மாத்தின்னா?"

"மாத்தின்னா மாத்திதான். பெடல்ல எங்க வச்சா என்னம்மா? அது என்ன காலைப் பிடிச்சா வச்சிருக்கு?"

டிசம்பர் 23

மதியம் முழுவதும் வலது ஷூவோடு போனது. முதலில் கிளீட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளி ஜெல் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். கெட்டுப்போனால் திரும்பி வர ஒரு வழி வேண்டும். ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பைத் தோலுக்கு மேலே தடவிப் பிடித்து ஒரு புள்ளி. சுண்டுவிரல் பக்கத்து எலும்புக்கு ஒரு புள்ளி. அது கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். பெடல் அச்சு இந்த இரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். என்னுடையது கட்டைவிரல் எலும்புக்கும் முன்னால் இருந்தது. வெயிலில் ஓட்டும்போது உள்ளங்கால் எரிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், பின்னால் தள்ளினேன்.

கோணம்தான் தலையைச் சுற்றவைத்தது. முன்பாதம் வெளியே திரும்ப வேண்டுமானால் கிளீட்டின் மூக்கையும் வெளியே திருப்பவேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெடலில் மாட்டியபின் கிளீட் நேராகத்தான் நிற்கும், திரும்புவது ஷூ. ஆகவே மூக்கு கட்டைவிரல் பக்கம், உள்ளே திரும்ப வேண்டும். பிளாஸ்டிக்கின் ஓரத்துக்கும் வெள்ளிக் கோட்டுக்கும் நடுவே ஒரு நகத்தின் கனம் இடைவெளி. அவ்வளவுதான் திருப்பினேன். மூன்று போல்ட்டுக்கும் கிரீஸ் தடவி, 4 மி.மீ. ஆலன் கீயால் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

டிசம்பர் 24

வலிக்கவில்லை! ஒத்தக்கடை போய், யானைமலையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்து, திரும்பி வந்து, மாடிப்படியை வேண்டுமென்றே இரண்டு தடவை ஏறி இறங்கினேன். ஒன்றுமில்லை.

ஜனவரி 3

வலது குதிகால் கிராங்கில் உரசுகிறது. ஷூவின் உள்பக்கம் கறுப்பாக ஒரு கீறல். முன்பாதம் வெளியே போனால் குதிகால் உள்ளே வரத்தானே செய்யும். கிளீட்டை உள்பக்கமாக நகர்த்தினேன், பாதம் மொத்தமும் கிராங்கை விட்டுத் தள்ளிப் போனது. அதற்குமேல் நகர்த்தத் துவாரத்தில் இடமில்லை.

ஜனவரி 13

வீட்டு வேலை. போகிக்குக் கிழிந்த டியூப்களை எரிக்கக்கூடாது என்று தெருப் பிள்ளைகளிடம் சண்டை.

ஜனவரி 19

மேலூர் தாண்டிப் போனேன். நாற்பதாவது கிலோமீட்டர் வரை சுகம். பிறகு இடது இடுப்பில் ஒரு பிடிப்பு, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்புகிறது. சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு அழுதேன். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1969-இல் பிரான்சில் ப்ளுவா பந்தயத் தளத்தில் விழுந்தார். அவருக்கு முன்னால் மோட்டார் ஓட்டிப்போனவர் அங்கேயே இறந்தார். மெர்க்ஸின் இடுப்பு அதன்பின் பழையபடி ஆகவே இல்லை. பந்தயத்துக்கு நடுவிலேயே சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாராம். அப்படியே நான்கு தடவை டூர் டி பிரான்ஸ் வென்றார். 1972-இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் எந்த அளவில் சீட்டை வைத்துக்கொண்டார் என்பதைவிட, கடைசி வரை மாற்றிக்கொண்டே இருந்தார் என்பதுதான் இன்று எனக்கு வேண்டியிருந்தது.

ஜனவரி 22

வலது கால் கொஞ்சம் குட்டையாக இருக்கலாம் என்கிறார் பிசியோ. படுக்கவைத்து டேப்பால் அளந்தார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது. குட்டைதான் என்றால் கிளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைக்கலாமாம். அவசரப்படவேண்டாம் என்றும் சொன்னார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "நீ சின்னப்பிள்ளையிலிருந்தே அப்படித்தான் நடப்ப. உங்கம்மா கோடு கிழிச்சு அதுமேல நடக்கவிட்டுப் பார்த்தா. நான்தான் விடுன்னேன்" என்றார். எனக்கு அது நினைவில்லை. ரசம் கேட்டார், ஊற்றினேன்.

ஜனவரி 23

ஹேண்டில்பாரை ஒரு ஸ்பேசர் உயர்த்தினேன்.

ஜனவரி 27

காலையில் அழகர்கோவில். விரல் மரத்துப்போவது குறைந்திருக்கிறது, போகவில்லை. இடுப்பு அப்படியே. முட்டி அமைதி. குதிகால் ஏற்றத்தில் மட்டும் உரசுகிறது. பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு மி.மீ. வாஷர் போட்டால் தீரும் என்கிறார் கடை அண்ணன். அவரிடம் இருப்பு இல்லை, திங்கட்கிழமை வரும் என்றார். பி.ஆர்.எம். பதிவுக்குப் பணம் இன்னும் கட்டவில்லை. வாஷரைப் போட்டு மேலூர் வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று குழுவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.